வளவுக்கு உகந்த மரங்கள்

யாழ்ப்பாணத்திலே வீடு என்னும் சொல் நான்கு சுவரையும் கூரையையும் மாத்திரம் குறிப்பதன்று. வீடும் வளவும் என்று இணைத்துச் சொல்வதே அங்குள்ளோர் வழக்கு. காணி உறுதி எழுதும்போதும், மகளுக்குச் சீதனம் பேசும்போதும், வளவு எத்தனை பரப்பு, அதன் எல்லை யாது, அதில் நிற்கும் பயன்தரு மரங்கள் எவை, கிணற்றிலே பங்கு எவ்வளவு என்பனவெல்லாம் கூடவே பேசப்பட்டன. வளவில்லாத வீட்டை முழுமையான வீடென்று முன்னோர் எண்ணியதில்லை.

அந்த வளவு கடந்த நாற்பது ஆண்டுகளிலே பெரிதும் மாறிவிட்டது. 1990 ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரை விட்டு வெளியேறினர். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் தென்மராட்சிக்கும் அப்பாலும் பெயர்ந்தனர். 2009 ஆம் ஆண்டிலே போர் முடிந்த பின்னர் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. திரும்பி வந்தோரிற் பலர் கூரையிழந்த வீட்டை மாத்திரம் கண்டாரல்லர். முற்றத்து வேம்பும், எல்லைப் பூவரசும், தாத்தா நட்ட பனையும் இருந்த இடம் தெரியாமற் போயிருந்தன. பனைகள் காப்பரண் அமைப்பதற்கெனத் தறிக்கப்பட்டிருந்தன. மரமே எல்லைக்கல்லாக நின்ற ஊர்களில், மரம் போனபோது எல்லையும் போயிற்று.

ஊரை விட்டுப் போகாதோரின் வளவுகளும் வேறு வகையில் மாறின. ஓலை வேலியும் உயிர்வேலியும் இருந்த இடத்தில் மதில்கள் எழுந்தன. சாணம் மெழுகிய முற்றத்தில் சீமெந்துக் கற்கள் பரவின. கூட்டிப் பெருக்க எளிது என்பதும், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் வந்து தங்கும்போது துப்புரவாகத் தோன்றும் என்பதும் இதற்குச் சொல்லப்படும் காரணங்கள். இலை உதிரும் மரம் குப்பையாகத் தோன்றத் தொடங்கியது.

ஆயினும் வளவை மீண்டும் பசுமையாக்க விரும்புவோர் இன்று பலருளர். திரும்பக் குடியேறியோர் வெறுங்காணியில் முதற் கன்றை நடுகின்றனர். புதுவீடு கட்டியோர் வாசலுக்கு ஏதேனும் ஒரு செடி தேடுகின்றனர். இவர்கள் எல்லோர்க்கும் எழும் வினா ஒன்றே: எதை நடுவது? பூங்கன்று விற்கும் இடத்திற்குச் சென்றால் பெயர் தெரியாத பன்னிறச் செடிகள் வரிசையாக நிற்கின்றன. கண்ணுக்கு இனியது எதுவோ அதனை வாங்கிவருவது இயல்பு. அச்செடி பங்குனி வெயிலில் வாடுவதும், அதனைக் காப்பாற்றக் கிணறு நாள்தோறும் இறைக்கப்படுவதும், ஈற்றில் அது பட்டுப்போவதும் பல வீடுகளிற் கண்ட காட்சி.

எதை நடுவது என்னும் வினாவுக்கு விடை சொல்லுமுன் மண்ணையும் நீரையும் அறிதல் வேண்டும். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணக்கல். அதன்மேல் மண் சில இடங்களில் ஆழமாகவும், சில இடங்களில் ஒரு சாண் அளவாகவும் கிடக்கின்றது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் அங்கு இல்லை. வழுக்கையாறு மாரியில் ஓடிக் கோடையில் வறண்டுவிடுவது. ஆண்டிலே ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதிற் பெரும்பங்கு ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையுள்ள சில கிழமைகளிலேயே கொட்டிவிடும். தை பிறந்த பின்னர் அடுத்த மாரி வரையும் மரத்துக்கும் மனிதனுக்கும் துணை கிணறு ஒன்றே.

கிணற்றுநீர் எங்கிருந்து வருகின்றது? மாரியிற் பெய்த மழை மண்ணினூடாக இறங்கிச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகின்றது. நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் இந்தச் சுண்ணக்கல்லின் வேலைப்பாடுகளே. மூன்று புறமும் கடல் சூழ்ந்த நிலமாதலால், நன்னீர் பாரம் குறைந்த ஒரு வில்லையைப்போல உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலேறும். இறங்க வேண்டிய மழையைச் சீமெந்து தடுத்தாலோ, நன்னீர் வில்லை மெலியும். உரமும் மலக்குழிக் கழிவும் சேர்ந்து நைத்திரேற்று மிகுந்த கிணறுகள் குடாநாட்டிற் பல உள்ளன என்று ஆய்வாளர் பன்முறை காட்டியுள்ளனர். ஆகவே வளவில் எதை நடுவது என்பது அழகைப் பற்றிய வினா மாத்திரமன்று. பேரப்பிள்ளை எந்த நீரைக் குடிக்கப்போகின்றது என்னும் வினாவும் அதனுள் அடங்கியிருக்கின்றது.

இதற்கு உதவக்கூடிய பழைய அறிவு ஒன்று தமிழரிடம் உண்டு. நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்தாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தாவரத்தின் பெயரையே சூட்டினர் முன்னோர். ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, பறவை என்பவற்றோடு மரத்தையும் சேர்த்தனர். மரம் நிலத்துக்கு உரியது; நிலம் மாறினால் மரமும் மாறும் என்பதே அதன் கருத்து. மலைநாட்டில் மலரும் செடி கொக்குவில் முற்றத்தில் மலரவில்லை என்று வருந்துவோர் இதனை நினைவுகூர்தல் நன்று.

உள்நாட்டுத் தாவரம் என்னும் சொல்லையும் இங்குத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இலங்கையிற் பிறந்தது என்பது மாத்திரம் போதாது. வெட்சி இந்நாட்டுக்குரிய செடியே. ஆயினும் சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்தை அதன் வேர் எளிதில் எடுக்க இயலாது. இலை மஞ்சளாகி, நரம்பு மாத்திரம் பச்சையாக நிற்கும். ஈரவலயத்துச் செடிக்கு யாழ்ப்பாணம் அந்நிய நிலமே. மறுபுறம், புளி ஆபிரிக்காவிலிருந்து வந்த மரம் என்பர் தாவரவியலார். நெடுந்தீவிலே நிற்கும் பெருக்குமரமும் ஆபிரிக்காவுக்குரியது, அராபிய வணிகரோடு வந்ததென்று கருதப்படுவது. இவை நூற்றாண்டுகள் பலவாக இங்கு நின்று இந்த வெயிலுக்கும் காற்றுக்கும் பழகிவிட்டன. ஆகவே ஒரு மரத்தைப் பார்த்து அதன் பிறப்பிடத்தைக் கேட்பதோடு வேறு மூன்று வினாக்களையும் கேட்டல் வேண்டும். கன்று வேரூன்றிய பின்னர் கிணற்றுநீர் இன்றி நிற்குமா? அதன் இலையும் பூவும் காயும் மனிதருக்கோ ஆட்டுக்கோ பறவைக்கோ உதவுமா? சொன்ன இடத்தில் நிற்குமா, அயல் வளவையும் வயலையும் பிடித்துக்கொள்ளுமா? இம்மூன்று வினாவுக்கும் நல்ல விடை தருவதே வளவுக்கு உகந்த மரம்.

குடாநாட்டு மண் எங்கும் ஒரு தன்மையது அன்று. உரும்பிராய், கோப்பாய், சுன்னாகம், இணுவில் ஆகிய ஊர்களைச் சூழ்ந்திருப்பது செம்பாட்டு மண். ஆழமும் வளமும் உடையது. சாவகச்சேரி, கொடிகாமம், மிருசுவில் ஆகிய தென்மராட்சிப் பகுதிகளில் மணற்பாங்கான நிலம் உண்டு. கடற்கரை ஊர்களிலும் தீவுகளிலும் உவர்க்காற்று வீசும். நெடுந்தீவிலோ கல்லே நிலம். அதனால் அங்குள்ளோர் பவளக்கல்லை அடுக்கி வேலியாக்கினர். தம் ஊர் எவ்வகை என்பதை அறிந்தபின்னரே கன்று தேடப் புறப்படுதல் வேண்டும். அதனை அறிய எளிய வழி, அயலிலுள்ள பழைய கோயிலின் வீதியையும், நெடுங்காலம் தீண்டாது கிடக்கும் பற்றையையும் சென்று பார்ப்பதாகும். யாரும் நீர் ஊற்றாமல் அங்கு நிற்பது எதுவோ, அது அந்த மண்ணின் பிள்ளை.

இனி, வேலியிலிருந்து தொடங்குவோம். யாழ்ப்பாணத்து வளவின் முதல் மரம் முற்றத்தில் நிற்பதன்று, வேலியில் நிற்பதே. பூவரசு, கிளுவை, முள்முருக்கு முதலியவற்றின் தடிகளை வெட்டிக் கதியாலாக நாட்டினால் அவை தளிர்த்து மரமாகும். இடையிலே பனையோலையோ கிடுகோ வைத்து அடைத்தால் மறைப்பும் கிடைக்கும். கதியாலை ஓரடி அரக்கிப் போட்டதனால் எழுந்த வழக்குகள் குடாநாட்டு நீதிமன்றங்களுக்குப் புதியனவல்ல. அந்த வழக்குகளை நினைத்து மதிலே மேல் என்போர் உண்டு. மதில் பிணக்கைத் தீர்க்கலாம். ஆனால் அது குழை தராது, நிழல் தராது, சோளகக் காற்றைத் தணித்து விடவும் மாட்டாது. காற்று மதிலில் மோதி மேலெழுந்து மறுபுறத்தில் சுழன்று விழும். உயிர்வேலியோ காற்றைச் சல்லடைபோல வடித்து மெல்ல அனுப்பும்.

வேலி மரங்களுள் முதலிடம் பூவரசுக்கு உரியது. கடற்கரைக்கே உரிய மரமாதலால் உவரையும் வரட்சியையும் ஒருங்கே தாங்கும். மஞ்சளாக மலரும் அதன் பூ மாலையில் சிவந்து வாடும். புகையிலைத் தோட்டங்களிலே பூவரசங்குழையைத் தாழ்த்துப் பசளையாக்கியது யாழ்ப்பாணக் கமக்காரரின் நெடுநாள் வழக்கம். ஆட்டுக்கு அது தீனி; முற்றிய வைரம் தளபாடத்துக்கு ஏற்ற மரம். கிளுவை முள்ளும் மணமும் உடையது. கோடையில் இலையுதிர்த்து எலும்பும் தோலுமாய் நிற்பினும் முதல் மழையில் துளிர்த்துவிடும். முள்முருக்கின் செம்மலர்க் கொத்துகளில் தேன்சிட்டும் மைனாவும் வந்து மொய்க்கும். திருமணத்திலே கன்னிக்காலாக ஊன்றப்படுவது இந்த முருக்கந்தடியே. ஆயின் அதன் கொம்பு எளிதில் முறிவதாகையால், வீட்டுக் கூரையை ஒட்டி வளர்த்தல் தகாது.

இன்று வேலிகளில் மிகுதியாகக் காணப்படுவது கிளிசறியா என்னும் சீமைக்கிளுவை. இது மெக்சிக்கோவையும் நடு அமெரிக்காவையும் சேர்ந்த மரம். காற்றிலுள்ள நைதரசனை வேர்முடிச்சுகளிற் பிடித்து மண்ணுக்குத் தருவது. குழை மிகுதியாகக் கொடுப்பது. பயனுள்ள விருந்தாளி என்று இதனை ஏற்கலாம். விருந்தாளி வந்ததற்காக வீட்டுக்காரனை வெளியேற்றுதல் முறையன்று. வேலி முழுவதும் ஒரே மரமாக இருப்பின், ஒரு நோய் வந்தால் முழு வேலியும் போய்விடும். நான்கு வகைக் கதியால்கள் மாறி மாறி நிற்பதே நல்லது.

வேலியின் கீழ்ப்பாகத்தை அடைக்கப் புதர்ச்செடிகள் வேண்டும். ஆடாதோடையை ஆடு தீண்டாது என்பது அதன் பெயரிலேயே தெரிகின்றது. அதனால் தெருவோர வேலிக்கு அது மிக ஏற்றது. இருமலுக்கான நாட்டு மருந்துகளிலும் இடம்பெறுவது. நொச்சி மெல்லிய நீலமலர் பூக்கும். தடிமன் கண்டால் ஆவி பிடிப்பதற்கு அதன் இலையைப் பறிக்காத வீடு அரிது. பாவட்டை வெண்கொத்தாகப் பூத்து மணப்பது. ஆவரசு என்று யாழ்ப்பாணத்தார் வழங்கும் ஆவாரை, வேறெதுவும் முளைக்காத கற்றரையிலும் பொன்னிறமாகப் பூக்கும். களாவும் காரையும் முள்ளால் காவல் செய்து, பழத்தால் சிறுவரையும் குருவியையும் அழைப்பவை. இவற்றுள் ஒன்றுக்கேனும் கோடையில் நாள்தோறும் நீரூற்ற வேண்டியதில்லை.

வேலியிற் படரும் கொடிகளையும் மறத்தலாகாது. முசுட்டை, குறிஞ்சா, கொவ்வை, தூதுவளை, பிரண்டை ஆகியன ஒரு காலத்தில் விதைக்காமலே வந்தவை. மாரி தொடங்கினால் முசுட்டையிலை வறையும், காய்ச்சல் விட்டவர்க்குத் தூதுவளை இரசமும் அடுக்களைக்கு வேலியிலிருந்தே வந்தன. வேலிக்கதியாலாகவே வளரும் இலைச்சண்டி மரத்தின் வெளிர்பச்சை இலையும் வறைக்கு உரியது. மதில் எழுந்த வளவில் இக்கொடிகளுக்கு இடமில்லை. இடம் போனபோது கறியும் போயிற்று. கறி போனபின் பெயரும் போகின்றது. முசுட்டை எது, மொசுமொசுக்கை எது என்று வேறுபாடு சொல்லக்கூடிய சிறுவரை இன்று பாடசாலைகளிற் காண்பது அருமை. பேராதனைப் பூந்தோட்டத்தின் தலைவராயிருந்த ஹென்றி திறைமன் இலங்கைத் தாவரங்களைப் பற்றி எழுதி 1893 முதல் 1900 வரை வெளிவந்த பெருநூலில், தமிழ்ப் பெயர்களும் இடம்பெற்றன. ஓர் ஆங்கிலேயர் கேட்டுக் குறித்துக்கொண்ட பெயர்களைச் சொந்த ஊரார் மறந்துபோதல் வருந்தத்தக்கது.

அடுத்து நிழல் மரம். இரண்டு பரப்பு வளவு, அதாவது இருபது பேர்ச் காணி, பெருமரங்கள் இரண்டுக்கு இடங்கொடுக்கும். அதற்குமேல் நட்டால் ஒன்றையொன்று நெருக்கும். அவ்விரண்டுள் ஒன்று வேம்பாக இருப்பது சாலச் சிறந்தது. மாசி, பங்குனியில் வேம்பு இலையுதிர்த்து, கடுவெயில் தொடங்குமுன்னரே புதுத்தளிர் போர்த்துக்கொள்ளும். சித்திரையை ஒட்டி உதிரும் பூவை வாரி வடகமாக்கி வைப்பது யாழ்ப்பாணத்துப் பெண்களின் வழக்கம். அதன் பழத்தைக் குயிலும் கொண்டைக்குருவியும் உண்ணும். பிற்பகல் வெயில் சுவரைச் சுடாதிருக்கவும், வைகாசி தொடக்கம் வீசும் சோளகத்தைத் தாங்கவும், வேம்பை வீட்டுக்கு மேற்கிலோ தென்மேற்கிலோ நட வேண்டும். வீட்டிலிருந்து இருபது, இருபத்தைந்து அடி தள்ளி நடுதல் நலம்.

மற்ற மரம் நிலத்தைப் பொறுத்தது. செம்பாட்டு மண்ணில் நாவலும் இலுப்பையும் நன்கு வளரும். இலுப்பை மெதுவாக ஓங்கி, ஒரு தலைமுறை கடந்தபின்னர் முழு வடிவம் பெறும். அதன் வித்திலிருந்து எடுத்த நெய்யே கோயில் விளக்குகளில் எரிந்தது. இரவிலே வௌவால்கள் அதன் பழத்தைத் தேடி வரும்; வித்தைப் பரப்புவனவும் அவையே. வளவு பெரிதாயின் நாவலையோ இலுப்பையையோ தேர்ந்துகொள்ளலாம். கடற்கரை ஊராயின் புன்னைக்கு நிகர் வேறில்லை. தடித்த பளபளப்பான இலை உவர்க்காற்றைத் தாங்கும்; வெண்மலர் மணம் வீசும். புங்கும் அவ்வாறே மணலுக்கு ஏற்றது. மணல் பறக்கும் கரையோரத்தில் தாழையும் அடம்பன் கொடியும் நிலத்தையே பிடித்துவைப்பன. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்னும் பழமொழி அந்த மணலிற் பிறந்ததாகவே தோன்றுகின்றது.

சிறிய வளவுடையோர் பெருமரத்துக்கு இடமில்லையென்று கைவிட வேண்டியதில்லை. அளவாக வளரும் மரங்கள் பல உண்டு. கொன்றை கோடையின் உச்சத்திலே சரஞ்சரமாகப் பொன்மலர் தொங்கவிடும். ஆத்தி, வில்வம் என்பன சிறு இடத்தில் அடங்கி நிற்கும், பூசைக்கும் பயன்படும். மாணிக்கவாசகர் வரலாற்றில் இடம்பெறும் குருந்து, வரண்ட பற்றைகளில் இயல்பாக வளரும் சிறுமரம். கரும்பச்சை இலையும் மணமுள்ள வெண்பூவும் உடையது. மகிழ் நிழலும் மணமும் ஒருங்கே தரும். விளாத்தி கல்நிலத்திலும் காய்க்கும். எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த குருந்து, விளா, வில்வம், கறிவேப்பிலை ஆகியவற்றின் இலையில் வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடுவதுண்டு. புழு அரித்த இரண்டொரு இலையைக் கண்டு மருந்தடிக்க ஓடாதவர் வீட்டிலே, சில நாட்களின் பின் வண்ணத்துப்பூச்சிகள் பறக்கும். அயல்நாட்டு அலங்காரச் செடிகளிற் பலவற்றின் இலையை இந்நாட்டுப் புழு உண்பதில்லை. அது நன்மையெனச் சிலர் எண்ணுவர். புழுவில்லாத இடத்தில் புலுனிக்கும் செண்பகத்துக்கும் இரை ஏது?

பனையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தின் முகம் அது. 1850 ஆம் ஆண்டிலேயே வில்லியம் பெர்குசன் என்பார் பனையொன்றைப் பற்றியே நூலெழுதிக் கொழும்பில் வெளியிட்டார். 1978 இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. எனினும் வீட்டு வளவிற் பனை நடுவோர் குறைவு. வடலி வளர்த்துக் கள்ளுக் குடிப்பதோ என்று ஏளனமாகக் கேட்பது ஊர் வழக்கு. பனை பூக்கப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேலும் செல்லும் என்பதும், அதுவரை ஆணா பெண்ணா என்று அறிய இயலாது என்பதும் உண்மையே. ஆனால் பனைக்குக் கிணற்றுநீர் வேண்டியதில்லை, உரம் வேண்டியதில்லை, காவலும் வேண்டியதில்லை. பனங்கொட்டையை நிற்க வேண்டிய இடத்திலேயே புதைத்துவிட வேண்டும். முளை நிலத்தின் கீழ் ஆழமாக இறங்கிக் கிழங்காவதால் பின்னர் கிளப்பி நடுதல் கடினம். ஓலையும் பனங்காயும் விழுமாதலால் நடைபாதையையும் கூரையையும் விட்டு, வளவின் பின்னெல்லையில் வரிசையாக ஐந்தோ ஆறோ ஊன்றலாம்.

முற்றத்துக்கும் கிணற்றடிக்கும் பல்லாண்டு வாழும் சிறுசெடிகள் போதும். துளசி, கற்றாழை, பந்தலிலே முல்லை என்பன யாவரும் அறிந்தவை. குளித்த நீர் ஓடும் வாய்க்காலோரம் வல்லாரையும் பொன்னாங்காணியும் வேண்டாமலே தழைக்கும். அந்நீரின் முடிவில் இரண்டு வாழை நிற்பது பழைய ஒழுங்கு. வெட்டிவேர் வரம்பை அரியாமற் காக்கும். கார்த்திகைப்பூ மாரி மழையில் கிழங்கிலிருந்து முளைத்து வேலியிற் படர்ந்து தீப்போல மலர்ந்து, பின்னர் மண்ணுக்குள் மறைந்துவிடும். அதன் கிழங்கு கொடிய நஞ்சு. சிறுவர் கைபடாத இடத்திலேயே அதனை விட வேண்டும்.

நஞ்சைக் குறிப்பிட்டபின் மஞ்சள் அலரியையும் குறிப்பிடாது விடலாகாது. வெப்ப அமெரிக்காவிலிருந்து வந்த இச்செடி குடாநாட்டு வேலிகளிலே நெடுங்காலம் நிரையாக நின்றது. அதன் எல்லாப் பாகமும் இதயத்தைத் தாக்கும் நஞ்சுடையது. பிள்ளைகள் உள்ள வீட்டிலும் ஆடுமாடு கட்டும் இடத்திலும் அதற்கு இடமளித்தல் கூடாது. நிற்பதைக் கிளப்பி, அவ்விடத்தில் நொச்சியோ பாவட்டையோ வைப்பது அறிவுடைமை.

வேறு சில செடிகள் நஞ்சினால் அல்ல, பெருக்கத்தினால் தீமை செய்வன. நாயுண்ணி எனப்படும் உண்ணிச்செடி 1826 ஆம் ஆண்டளவில் பேராதனைப் பூந்தோட்டத்துக்கு அழகுச்செடியாகக் கொண்டுவரப்பட்டது. அழகுக்கென வந்தது நாடெங்கும் பற்றையாகிவிட்டது. இபில் இபில் மரம் விறகுக்கும் தீவனத்துக்கும் நல்லதென்று பரப்பப்பட்டது. ஆனால் அதன் வித்து விழுந்த இடமெல்லாம் முளைத்துப் பிற கன்றுகளை மூடிவிடும். பார்த்தீனியமோ 1980 களின் பிற்பகுதியிலிருந்து வடபகுதியிற் பரவிய களை. வெண்சிறு பூக்களோடு தெருவோரத்தில் நிற்பதைக் கண்டு பூங்கொத்தென எண்ணிவிடலாகாது. தோலிற் கடியையும் மூச்சிளைப்பையும் உண்டாக்குவது. தன் அயலில் பிற பயிர் முளையாதபடி தடுப்பது. பூக்குமுன் கையுறையணிந்து வேரோடு பிடுங்கி அழித்தல் ஒவ்வொரு வளவுக்காரரின் கடன்.

கடதாசிப்பூ, தேமா, செவ்வரத்தை, பட்டிப்பூ ஆகியனவும் வெளியிலிருந்து வந்தவைதாம். அவற்றின்மேற் பகை கொள்ள வேண்டியதில்லை. அவை நட்ட இடத்தில் நிற்பன. சிறிது நீரோடு அமைவன. கோயிற் பூத்தட்டிலும் இடம்பெற்றுவிட்டன. பத்துச் செடி நடுபவர் ஏழினை மண்ணின் பிள்ளையாகவும் மூன்றினை விருந்தாகவும் வைத்துக்கொண்டால் வளவும் அழகு பெறும், கிணறும் வற்றாது.

நடும் முறை பற்றிச் சில சொற்கள். காலம் பார்த்து நடுதலே பாதி வெற்றி. ஆவணி, புரட்டாசியில் இரண்டடி நீள, அகல, ஆழத்துக்குக் குழி வெட்டி வெயிலில் ஆறவிட வேண்டும். கல் தட்டினால் அலவாங்கால் உடைத்து வெடிப்பை வெளிப்படுத்தினால் வேர் கீழிறங்க வழி கிடைக்கும். மேல்மண்ணும் மக்கிய குப்பையும் கலந்து நிரப்பி, ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்தபின் கன்றை நட வேண்டும். கதியால் போடுவோர் கைமொத்தத் தடியைச் சாய்வாக வெட்டி, மேல்முனையிற் சாணம் அப்பி, ஆடாதபடி ஆழ ஊன்ற வேண்டும். மாரி முழுவதும் வேரோடிய கன்று கோடையை எதிர்கொள்ளும் வலிமை பெறும். தையில் நட்ட கன்றோ, வேரூன்றுமுன் வெயிலிற் சிக்கும்.

முதல் இரண்டு கோடைக்கு மாத்திரம் கிழமையில் இரு தடவை நீர் ஊற்றினாற் போதும். நாள்தோறும் சிறிது சிறிதாக ஊற்றும் நீர் வேரை மேலேயே நிறுத்திவிடும்; இடைவிட்டு ஆழ ஊற்றும் நீர் வேரைக் கீழே இழுக்கும். உதிர்ந்த இலையைக் கூட்டி எரிக்காமல் மரத்தடியிலே பரப்பினால் ஈரம் காயாது. நாளடைவில் அதுவே பசளையாகும். காலையில் முற்றத்தைக் கூட்டி ஒரு மூலையிற் குவித்து நெருப்பு வைப்பது ஊரிற் பலரது வழக்கம். மரம் மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கும் உணவை எரிப்பது அது.

கூரைநீரையும் கணக்கிட வேண்டும். நூறு சதுர மீற்றர் கூரையின்மேல் 1,250 மில்லிமீற்றர் மழை பெய்தால், ஆண்டில் 125,000 லீற்றர் நீர் விழுகின்றது. சீமெந்து பரவிய முற்றத்திலிருந்து அது தெருவுக்கும், தெருவிலிருந்து கடலுக்கும் ஓடிப்போகும். அதனை மரங்களைச் சுற்றியுள்ள பாத்திகளுக்குத் திருப்பிவிட்டால், கொஞ்சம் ஆவியாகிப் போயினும் பெரும்பகுதி மண்ணில் இறங்கும். மலக்குழிக்கு அண்மையில் அப்பாத்தியை அமைக்காதிருத்தல் வேண்டும். முற்றம் முழுவதையும் சீமெந்தால் மூட விரும்புவோர், வாகனம் நிற்கும் இடத்தை மாத்திரம் மூடி மற்றதை மண்ணாக விடலாம்.

கன்றுக்கு எங்குச் செல்வது என்று கேட்கலாம். வேம்பும் நாவலும் இலுப்பையும் கோயில் வீதியில் விழுந்து முளைத்துக் கிடக்கின்றன. பூவரசும் கிளுவையும் அயலவர் கதியால் வெட்டும் நாளிற் கேட்டாற் கிடைக்கும். பிரண்டைத் துண்டும் தூதுவளை வித்தும் விலைக்கு வாங்கும் பொருள்கள் அல்ல. குருந்து, ஆத்தி போன்றவற்றை ஊர்ப் பெரியவர்களைக் கொண்டு இனங்கண்டு வித்தெடுக்கலாம். மண்ணுக்குரிய மரத்தின் மற்றொரு சிறப்பு இது: அதற்குப் பணம் வேண்டியதில்லை, அறிந்தவர் துணையே வேண்டும். அறிந்தவரோ ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போகின்றனர். ஆதலால் பாடசாலைப் பிள்ளை ஒவ்வொன்றும் தன் ஊர் முதியவர் ஒருவரிடமிருந்து பத்துத் தாவரங்களின் பெயரையும் பயனையும் கேட்டு ஏட்டில் எழுதி வைப்பது, கன்று நடுவதற்கு நிகரான தொண்டாகும்.

வரும் ஐப்பசிக்கு ஒவ்வொரு வளவிலும் செய்யத்தக்கது அதிகமில்லை. மேற்குப் பக்கத்தில் ஒரு வேம்பு. வேலியில் நான்கு வகைக் கதியால். அதன் அடியில் ஆடாதோடையும் நொச்சியும். பின்னெல்லையில் சில பனங்கொட்டைகள். இவ்வளவும் ஒரு நாள் வேலை. வேம்பு ஐந்து ஆண்டில் நிழல் தரும்; கதியால் அடுத்த கோடையிலே ஆட்டுக்குக் குழை தரும்; பனை, நட்டவரின் பேரர் காலத்தில் நுங்கு தரும். இவை யாவற்றுக்கும் அடியில், கண்ணுக்குப் புலனாகாத சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலே, அவ்வளவில் இறங்கிய மழைநீர் அடுத்த கோடைக்கெனச் சேர்ந்துகொண்டிருக்கும்.